புதிய பருவத்துக்கு முன் புளூ ஜேஸை எடை போடுதல்

சம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடர் முடிந்த நவம்பரிலிருந்து மார்ச் இறுதியில் முதற்பந்து எறியப்படும் வரை ரொறன்ரோவில் பேஸ்போல் வாயால் மட்டுமே ஆடப்படுகிறது. ஸ்காபரோவில் சனிக்கிழமைக் காலைகளில் ஒரு கோப்பிக் கடையில் கூடும் எங்கள் சிறு கூட்டத்துக்கு அந்த மாதங்களில் வேறு பேச்சே இருப்பதில்லை. விமான நிலையத்தில் லிமோசின் ஓட்டும் ஓர் அண்ணை, உயர்நிலைப் பள்ளியில் கணிதம் கற்பிக்கும் நண்பர் ஒருவர், புள்ளிவிவரங்களைத் தொலைபேசியில் தேடிக்கொண்டே பேசும் என் மருமகன், கணக்குப்பதிவு வேலை பார்க்கும் நான் ஆகியோரே நிரந்தர உறுப்பினர்கள். வரப்போகும் பருவத்தில் இந்நகரத்தின் அணியான புளூ ஜேஸ் எத்தனை ஆட்டங்களில் வெல்லும் என்று ஒவ்வொருவரும் ஓர் எண்ணைச் சொல்லி, அதை ஒரு சிறு கொப்பியில் எழுதி வைப்பது எங்கள் வழக்கம். அந்தக் கொப்பியை ஆண்டுதோறும் திருப்பிப் பார்த்ததில், எதைத் தராசில் வைக்க வேண்டும், எதை வெளியே வைக்க வேண்டும் என்பதில் எனக்கென்று ஒரு முறை உருவாகியிருக்கிறது. இந்த விளையாட்டை அண்மையில் பார்க்கத் தொடங்கியவர்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால் அதை எழுதுகிறேன்.

கொப்பியின் முதற்பக்கம் 2013ஆம் ஆண்டுக்குரியது. அதற்கு முந்தைய பருவத்தில் அணி 73 ஆட்டங்களில் வென்று 89 ஆட்டங்களில் தோற்றிருந்தது. 2012 நவம்பரில் மயாமி மார்லின்ஸ் அணியுடன் 12 வீரர்கள் கைமாறிய பரிமாற்றம் ஒன்று நடந்தது. ஹோசே ரேயஸ், ஜோஷ் ஜோன்சன், மார்க் பியூர்லி ஆகியோர் ஒரே நேரத்தில் ரொறன்ரோவுக்கு வந்தார்கள். டிசம்பரில், இரு பெரிய லீக்குகளில் ஒன்றான தேசிய லீக்கின் சிறந்த எறிவீரருக்கான சை யங் விருதை அந்த ஆண்டு பெற்றிருந்த ஆர்.ஏ. டிக்கியும் நியூயோர்க் மெட்ஸ் அணியிலிருந்து வாங்கப்பட்டார். லாஸ் வேகஸ் பந்தயக்காரர்கள் உலகத் தொடரை வெல்ல அதிக வாய்ப்புள்ள அணியாகப் புளூ ஜேஸை வைத்தார்கள். 1992, 1993 ஆகிய இரண்டு உலகத் தொடர்க் கிண்ணங்களையும் இந்த நகரத்தில் இருந்து பார்த்தவரான எங்கள் அண்ணை, 1993 கிண்ணத்தை வென்றுகொடுத்த ஜோ கார்ட்டரின் கடைசி ஹோம் ரன்னை (பந்தை மைதான எல்லைக்கு அப்பால் அனுப்பும் அடி) மீண்டும் ஒருமுறை விவரித்துவிட்டு, "ஆக்கள் வந்திட்டினம் தம்பி, இனி என்ன கணக்கு?" என்று கேட்டார். கொப்பியில் எவருடைய எண்ணும் 90க்குக் கீழே இல்லை. அந்தப் பருவம் 74 வெற்றிகளும் 88 தோல்விகளுமாக, ஐந்து அணிகள் கொண்ட எங்கள் பிரிவில் கடைசி இடத்தில் முடிந்தது. இத்தனை பணமும் இத்தனை பெயர்களும் சேர்ந்து கொண்டுவந்தது முந்தைய ஆண்டைவிட ஒரே ஒரு வெற்றி.

என்ன நடந்தது என்பதைப் பெயர் பெயராகப் பார்த்தால் விடயம் விளங்கும். ரேயஸ் ஏப்ரல் நடுப்பகுதிக்குள்ளேயே கன்சாஸ் சிற்றியில் இரண்டாம் தளத்தை நோக்கிச் சறுக்கும்போது கணுக்காலைக் காயப்படுத்திக்கொண்டு, மொத்தம் 93 ஆட்டங்களில் மட்டும் ஆடினார். எறிவீரர் ஜோன்சன் இரண்டு ஆட்டங்களில் வென்று எட்டில் தோற்றார். ஒன்பது இன்னிங்ஸுக்கு எதிரணிக்கு விட்டுக்கொடுக்கும் ஓட்டங்களின் சராசரி அவருக்கு 6.20 ஆக இருந்தது. ஏற்கெனவே அணியில் இருந்த பிராண்டன் மோரோ முதல் எறிவீரராகப் பத்து ஆட்டங்களுக்கு மேல் தொடங்கவில்லை. டிக்கியின் சராசரி 2.73 இலிருந்து 4.21 ஆனது. நாங்கள் அந்தக் குளிர்காலத்தில் ஒவ்வொரு வீரரையும் அவருடைய மிகச் சிறந்த ஆண்டின் விலையில் கூட்டியிருந்தோம். ஜோன்சன் என்றதும் தேசிய லீக்கிலேயே மிகக் குறைந்த சராசரியான 2.30ஐ அவர் பதித்த 2010 எங்கள் நினைவுக்கு வந்தது; தோள் வலியால் ஒன்பது ஆட்டங்களுடன் அவர் ஒதுங்கிய 2011 வரவில்லை.

அதனால் இப்போது புதிதாக வரும் ஒருவரைப் பற்றி நான் முதலில் தேடுவது அவர் எத்தனை ஹோம் ரன் அடித்தார் என்பதை அல்ல. கடந்த மூன்று பருவங்களில் அவர் எத்தனை நாட்கள் களத்தில் இருந்தார் என்பதைத் தேடுகிறேன். அதன் பிறகுதான் அவருடைய ஆட்டத்தின் மூன்றாண்டுச் சராசரியை எடுத்து, வயது முப்பதைத் தாண்டியிருந்தால் சிறிது குறைத்துக்கொள்கிறேன். இந்த முறையில் 2013இன் ஜோன்சன் முழு வீரராக எண்ணப்பட்டிருக்க மாட்டார். அதே முறை 2015க்கு முந்தைய குளிர்காலத்தில் வந்த ஜோஷ் டொனால்ட்சனுக்கு முழு மதிப்பையும் கொடுக்கிறது. ஓக்லண்ட் அணியில் அவர் அதற்கு முந்தைய இரண்டு பருவங்களிலும் தலா 158 ஆட்டங்கள் ஆடியிருந்தார். வயது முப்பதை எட்டவில்லை. ரொறன்ரோவில் முதல் ஆண்டிலேயே 41 ஹோம் ரன் அடித்து, எங்கள் அணி ஆடும் அமெரிக்க லீக்கின் மிக மதிப்புமிக்க வீரர் என்ற விருதை வென்றார். குளிர்காலத்தில் வாங்கப்படும் வீரர்கள் எல்லோரும் ஏமாற்றுவார்கள் என்று 2013ஐ வைத்து முடிவுகட்டியிருந்த எங்கள் கணித ஆசிரியர், அந்த ஆண்டு முழுவதும் எங்களிடம் பேச்சு வாங்கினார்.

அடுத்ததாக நான் பார்ப்பது, முந்தைய பருவத்தின் வெற்றித் தோல்விப் பட்டியலுக்கு அடியில் கிடக்கும் ஓட்டக் கணக்கு. பில் ஜேம்ஸ் என்ற பேஸ்போல் ஆய்வாளர் கொடுத்த எளிய சூத்திரம் ஒன்று உண்டு. அணி எடுத்த ஓட்டங்களின் வர்க்கத்தை, எடுத்த ஓட்டங்களின் வர்க்கமும் கொடுத்த ஓட்டங்களின் வர்க்கமும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுத்தால், அணி வென்றிருக்க வேண்டிய விகிதம் கிடைக்கும். இதற்கு ஒரு கைக்கணிப்பொறி போதும். 2021இல் புளூ ஜேஸ் 846 ஓட்டங்கள் எடுத்து 663 கொடுத்தது. சூத்திரம் அந்த அணிக்குச் சுமார் 100 வெற்றிகளைக் கொடுக்கிறது, கிடைத்தவை 91. பெருந்தொற்றுக் கட்டுப்பாடுகளால் அமெரிக்காவின் டனீடனிலும் பஃபலோவிலும் சொந்த ஆட்டங்களை ஆடிவிட்டு ஜூலை இறுதியில்தான் ரொறன்ரோவுக்குத் திரும்பிய அந்த அணி, ஒரே ஓர் ஆட்ட வித்தியாசத்தில், முன்னணி அணிகள் மட்டும் கிண்ணத்துக்காக மோதும் பிளே-ஓஃப் சுற்றைத் தவறவிட்டது.

ஓட்டக் கணக்கின் பயன் பருவத்தின் நடுவிலும் தெரியும். 2015 ஜூலை இறுதியில் அணி 50 வெற்றி, 51 தோல்வி என்ற நிலையில் இருந்தபோது எங்கள் மேசையில் பாதிப்பேர் கைகழுவிவிட்டார்கள். ஆனால் ஓட்ட வித்தியாசத்தில் அந்த அணி அமெரிக்க லீக்கின் முன்னணியில் நின்றது. டிராய் டுலோவிட்ஸ்கியும் டேவிட் பிரைஸும் அந்த வாரத்தில் வந்து சேர்ந்ததும், எஞ்சிய 61 ஆட்டங்களில் 43ஐ வென்று, 22 ஆண்டுகளுக்குப் பிறகு பிரிவில் முதலிடம் பிடித்தது. புதிய இருவரும்தான் அணியைத் தூக்கி நிறுத்தினார்கள் என்று அண்ணை இன்றும் சொல்வார். ஏற்கெனவே நன்றாக ஆடிக்கொண்டிருந்த அணிக்கு அதற்குரிய வெற்றிகள் தாமதமாக வந்து சேர்ந்தன என்பது என் கருத்து. இந்த வழக்கு எங்களுக்குள் தீர்வதாக இல்லை.

சூத்திரத்தை வேதவாக்காகவும் எடுக்கக் கூடாது. வெற்றியும் தோல்வியும் சரிபாதியாக வரக்கூடிய அணி ஒன்று பருவத்தின் 162 ஆட்டங்களையும் ஆடினால், வெறும் தற்செயலால் மட்டுமே அதன் வெற்றிகள் ஆறுக்குச் சற்று மேலாகக் கூடவோ குறையவோ செய்யும் என்று நிகழ்தகவுக் கணக்கு சொல்கிறது. மூன்றில் ஒரு பங்கு பருவங்களில் அதைவிடவும் அதிகமாக விலகும். கணித ஆசிரியர் இதை ஒரு கைக்குட்டைத் தாளில் போட்டுக் காட்டிய நாளிலிருந்து நான் கொப்பியில் ஒற்றை எண்ணை எழுதுவதை விட்டுவிட்டேன். 85 என்று கணக்கு வந்தால் 79 முதல் 91 வரை என்று எழுதுகிறேன். இது தப்பித்துக்கொள்ளும் வேலை என்பது அண்ணையின் குற்றச்சாட்டு. ஆனால் அந்த வீச்சுக்குள் என்னென்ன அடங்கும் என்று பார்த்தால்தான் ரசிகனுக்கு உண்மையான நிலைமை தெரியும். 2022 முதல் ஒவ்வொரு லீக்கிலும் ஆறு அணிகள் பிளே-ஓஃப் சுற்றுக்குச் செல்கின்றன. அந்த மாற்றத்துக்குப் பின் வந்த நான்கு பருவங்களில் அமெரிக்க லீக்கின் ஆறாவது அணி பெற்ற வெற்றிகள் முறையே 86, 89, 86, 87. எனவே பருவத்துக்கு முன் கேட்கத் தகுந்த கேள்வி, இந்த அணி 87க்கு எந்தப் பக்கத்தில் விழும் என்பதே. உலகத் தொடரை வெல்லுமா என்ற கேள்விக்கு மார்ச்சில் யாரிடமும் பதில் கிடையாது. 2021இல் 91 வெற்றிகளுடன் வீட்டுக்கு அனுப்பப்பட்ட இதே அணி 2023இல் 89 வெற்றிகளுடன் உள்ளே நுழைந்தது. நுழைந்த வேகத்தில் மினசோட்டா ட்வின்ஸிடம் இரண்டு ஆட்டங்களில் தோற்று வெளியேறியது என்பது வேறு கதை.

எல்லாவற்றிலும் அதிக நேரம் செலவிட வேண்டியது எறிவீரர்கள் மீது. ஓர் ஆட்டத்தைத் தொடங்கும் எறிவீரர் அடுத்த ஆட்டத்துக்கு நான்கைந்து நாட்கள் ஓய்ந்திருக்க வேண்டும் என்பதால் ஒவ்வோர் அணியும் ஐந்து தொடக்க எறிவீரர்களைச் சுழற்சியில் வைத்திருக்கிறது. 162ஐ ஐந்தால் வகுத்தால் ஒருவருக்கு முப்பத்திரண்டு ஆட்டங்களுக்கு மேல் வரும். குளிர்காலத்தில் செய்தியாளர்களும் ரசிகர்களும் அந்த ஐந்து பெயர்களை வரிசையாக எழுதிவிட்டு, இந்த வரிசை பலமா, பலவீனமா என்று தீர்ப்புச் சொல்கிறார்கள். பருவம் முழுவதும் அந்த ஐவரே தாக்குப்பிடித்த அணியைக் காண்பது அரிது. நான் செய்வது இது: ஐவர் ஒவ்வொருவரும் கடந்த மூன்று பருவங்களில் சராசரியாக எத்தனை ஆட்டங்களைத் தொடங்கினார்கள் என்று கூட்டி, அதை 162இலிருந்து கழிக்கிறேன். எஞ்சும் எண் பெரும்பாலும் நாற்பதுக்கும் எழுபதுக்கும் இடையில் வரும். அந்த ஆட்டங்களை யார் தொடங்குவார்கள் என்ற கேள்வியில்தான் பருவத்தின் பாதி விடை இருக்கிறது.

2023 இதற்கு நல்ல பாடம். அலெக் மனோவா 2022இல் 16 ஆட்டங்களில் வென்று, 2.24 என்ற சராசரியுடன் சை யங் விருதுக்கான வாக்கெடுப்பில் மூன்றாவதாக வந்தார். அடுத்த பருவத்தின் முதல் ஆட்டத்தைத் தொடங்கும் பெருமை இயல்பாகவே அவருக்குக் கிடைத்தது. எங்கள் கொப்பியில் மருமகன் அவருக்கு நேரே இரண்டு கோடு போட்டு வைத்திருந்தான். ஜூன் மாதத்தில் அவர் கீழ்நிலை அணிக்கு அனுப்பப்பட்டார். மூன்று வெற்றி, ஒன்பது தோல்வி, 5.87 என்று அவருடைய ஆண்டு முடிந்தது. 2024இல் முழங்கையில் அறுவைச் சிகிச்சை. இளம் எறிவீரர் ஒருவரின் ஒரே ஒரு பெரிய ஆண்டை நிரந்தரச் சொத்தாக எழுதிவைக்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எங்கள் அணியில் இல்லை.

இதன் மறுபக்கம் 2025இல் தெரிந்தது. கெவின் கௌஸ்மன், கிறிஸ் பாசிட், ஹோசே பெரியோஸ் ஆகிய மூவரும் தலா முப்பது ஆட்டங்கள் அளவுக்குத் தொடங்கிப் பெரும் சுமையைத் தாங்கினார்கள். நாற்பது வயதில் வந்த மாக்ஸ் ஷெர்சர் முதல் ஆட்டத்திலேயே வலியால் வெளியேறி, கடைசியில் 17 ஆட்டங்களைத் தொடங்கினார். எஞ்சிய இடத்தை நிரப்பியவர்களில் முக்கியமானவர் எரிக் லாவர். தென் கொரிய லீக்கில் ஆடிவிட்டு, கீழ்நிலை அணிக்கான ஒப்பந்தத்துடன் வந்தவர் அவர். மார்ச் மாதத்தில் எங்கள் மேசையில் அவருடைய பெயரை உச்சரித்தவர் எவரும் இல்லை. ஒன்பது வெற்றி, இரண்டு தோல்வி, 3.18 என்று அவர் பருவத்தை முடித்தார். ஏப்ரலில் மிகத் தாழ்ந்த நிலையிலிருந்த டனீடன் அணியில் எறிந்துகொண்டிருந்த டிரே யெசாவேஜ் செப்டம்பரில் பெரிய அணிக்கு வந்து, உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் லாஸ் ஏஞ்சலஸ் டொட்ஜர்ஸ் அடிவீரர்களை 12 முறை ஸ்ட்ரைக்கவுட் செய்தார், அதாவது பந்தை அடிக்க முடியாதபடி எறிந்தே ஆட்டமிழக்கச் செய்தார். முதலாண்டு வீரர் ஒருவர் உலகத் தொடர் ஆட்டமொன்றில் எட்டிய மிக உயர்ந்த எண் அது. எனவே இப்போது குளிர்காலத்தில் எங்கள் கீழ்நிலை அணியான பஃபலோ பைசன்ஸ் அணியின் எறிவீரர் பட்டியலையும் வாசிக்கிறேன். அங்கே பெரிய அணியில் எறிந்த அனுபவமுள்ளவர்கள் இரண்டு மூன்று பேர் இல்லாவிட்டால், மேலே இருக்கும் ஐந்து பெயர்கள் எவ்வளவு மினுங்கினாலும் என் எண்ணிலிருந்து இரண்டு வெற்றிகளைக் கழித்துவிடுவேன்.

2025 பருவத்துக்கு முந்தைய குளிர்காலத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2024இல் அணி மறுபடியும் 74 வெற்றிகள், 88 தோல்விகளுடன் கடைசி இடத்தில் கிடந்தது. நட்சத்திர வீரர் ஹுவான் சோட்டோ வருவார் என்றார்கள், மெட்ஸுக்குப் போனார். கோர்பின் பேர்ன்ஸ் வருவார் என்றார்கள், அரிசோனாவுக்குப் போனார். ரோக்கி சசாக்கி டொட்ஜர்ஸைத் தேர்ந்தெடுத்தார். அதற்கும் முந்தைய டிசம்பரில் ஷோஹெய் ஓதானி ரொறன்ரோவுக்குப் பறந்து வருகிறார் என்ற வதந்தியை நம்பி, தனியார் விமானம் ஒன்றின் பாதையை நாடே தொலைபேசியில் பின்தொடர்ந்தது. அண்ணை அன்று பியர்சன் விமான நிலையத்தில் வாடகைக்குக் காத்திருந்தபடியே எங்களுக்கு நேரடி வர்ணனை தந்துகொண்டிருந்தார். விமானத்தில் ஓதானி இருக்கவில்லை. மறுநாளே அவர் டொட்ஜர்ஸுடன் பத்தாண்டுகளுக்கு 70 கோடி அமெரிக்க டொலர் ஒப்பந்தத்தை அறிவித்தார். இந்தப் பின்னணியில், எங்கள் அணியின் முதன்மை வீரரான விளாடிமிர் குரேரோ ஜூனியருடனான ஒப்பந்தப் பேச்சும் பெப்ரவரியில் அவர் வைத்த கெடுவுக்குள் முடியாமல் போனது. பால்டிமோரில் 44 ஹோம் ரன் அடித்துவிட்டு வந்த அந்தோனி சாண்டாண்டர் ஒருவரே குளிர்காலத்தின் ஆறுதல். "கடைசி இடத்தை இப்பவே எழுதி வை தம்பி" என்று அண்ணை கொப்பியை என் பக்கம் தள்ளினார்.

பருவம் 94 வெற்றிகளுடன் முடிந்தது. நியூயோர்க் யாங்கீஸும் 94 வெற்றிகள் பெற்றிருந்தாலும், நேருக்கு நேர் ஆடிய ஆட்டங்களில் முந்தியதால் பிரிவின் முதலிடம் ரொறன்ரோவுக்குக் கிடைத்தது. அணி 1993க்குப் பிறகு முதன்முறையாக உலகத் தொடருக்குச் சென்று, ஏழாவது ஆட்டத்தின் பதினோராவது இன்னிங்ஸில் தோற்றது. இதில் சாண்டாண்டரின் பங்கு மிகச் சிறியது; காயத்தால் 54 ஆட்டங்கள் மட்டுமே ஆடினார். அணியைத் தூக்கியவர்கள் முந்தைய ஆண்டு கடைசி இடத்தில் கிடந்தபோதும் அங்கேயே இருந்தவர்கள். போ பிஷெட் 2024இல் காயங்களால் 81 ஆட்டங்கள் மட்டும் ஆடி 0.225 என்ற சராசரியில் (அடிக்க வந்த முறைகளில் வெற்றிகரமாக அடித்தவற்றின் விகிதம்) அடித்திருந்தார். 2025இல் அது 0.311. ஜோர்ஜ் ஸ்பிரிங்கர் 0.220 இலிருந்து 0.309க்கு ஏறி, 32 ஹோம் ரன்களும் அடித்தார். அலெஹான்ட்ரோ கேர்க், எர்னி கிளெமென்ட், அடிசன் பார்ஜர் என்று ஒவ்வொருவரும் ஒரு படி மேலே வந்தார்கள். 0.265 என்ற அணிச் சராசரி பெரிய லீக்குகள் இரண்டிலும் மிக உயர்ந்ததாக இருந்தது.

இதில் எதை முன்கூட்டியே கண்டிருக்கலாம், எதைக் காண முடியாது என்று பிரித்துப் பார்ப்பது அவசியம். பிஷெட்டின் மீட்சியைக் கண்டிருக்கலாம். அதற்கு முன் பல ஆண்டுகளாக 0.290க்கும் 0.306க்கும் இடையில் அடித்த இருபத்தாறு வயது வீரர், காயப்பட்ட ஓர் அரைப் பருவத்தில் தாழ்ந்தால், மூன்றாண்டுச் சராசரி அவரை மீண்டும் மேலே இழுக்கும். அதைச் செய்வதற்கே அந்தச் சராசரியை எடுக்கிறோம். புதிய வீரர்களின் உச்சத்தைக் குறைத்து எண்ணும் அதே முறை, பழைய வீரர்களின் பள்ளத்தையும் நிரப்பி எண்ணச் சொல்கிறது. குளிர்காலத்தில் ரசிகர்கள் முதலாவதை எப்போதாவது செய்கிறார்கள், இரண்டாவதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். வந்தவரைப் பற்றித்தான் பேச்சு, இருப்பவர் அலுத்துப் போனவர். ஸ்பிரிங்கர் விடயம் வேறு. முப்பத்தைந்து வயதில் ஒருவர் அப்படி எழுவார் என்று எந்தச் சூத்திரமும் சொல்லாது. சொன்னதாக இப்போது யாராவது கூறினால் அவருடைய கொப்பியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

வராதவர்களைப் பற்றிய துக்கத்துக்கும் ஒரு வரம்பு வேண்டும். அந்தக் குளிர்காலத்தில் நாங்கள் இழந்ததாகப் புலம்பிய பேர்ன்ஸ், 21 கோடி அமெரிக்க டொலர் ஒப்பந்தத்தின் முதல் ஆண்டிலேயே, ஜூன் மாதத்தில், முழங்கை அறுவைச் சிகிச்சைக்குச் சென்றார். எறிவீரர்களின் கைகள் அப்படித்தான்.

பெப்ரவரி நடுப்பகுதியில் புளோரிடாவின் டனீடனில் வசந்தகாலப் பயிற்சி தொடங்கியதும் வேறு வகையான ஆரவாரம் ஆரம்பிக்கும். அந்த ஆட்டங்களின் முடிவுகளை நான் பார்ப்பதே இல்லை. எறிவீரர்கள் முதலில் ஓரிரு இன்னிங்ஸ் எறிந்து கையைப் பழக்குகிறார்கள். புதிதாகக் கற்ற எறியை அடி வாங்கினாலும் பரவாயில்லை என்று முயன்று பார்க்கிறார்கள். ஐந்தாவது இன்னிங்ஸுக்குப் பிறகு எதிரே நிற்பவர்களில் பலர் கீழ்நிலை அணிகளின் இளைஞர்கள். அங்கே ஒருவர் ஐந்து ஹோம் ரன் அடித்தார் என்பதற்காக அவரைத் தூக்கிப் பிடித்தால் மே மாதத்தில் வருந்த வேண்டியிருக்கும். எறிவேகமும் காயச் செய்திகளும் மட்டும் எனக்கு முக்கியம். எறிவீரரின் வேகம் முந்தைய ஆண்டைவிட மணிக்கு இரண்டு மைல் குறைந்திருந்தால் குறித்துக்கொள்கிறேன். "முன்கையில் இறுக்கம்" என்று அணி அறிவித்தால், அந்த எறிவீரரின் பெயருக்கு நேரே இருந்த ஆட்ட எண்ணிக்கையைப் பாதியாக்குகிறேன். முழங்கைத் தசைநார்க் கிழிவுகள் பல முதலில் அந்தச் சொற்களில்தான் அறிவிக்கப்படுகின்றன. 2015 மார்ச்சில் மார்கஸ் ஸ்ட்ரோமன் பயிற்சியின்போது முழங்காலில் தசைநார் கிழிந்து செப்டம்பர் வரை இல்லாமல் போனார். வசந்தகால ஆட்டங்களின் எந்த முடிவையும்விட அந்த ஒரு செய்தியே அணியின் கோடையை அதிகமாக மாற்றியது.

எங்கள் பிரிவைப் பற்றிய பழைய புலம்பலையும் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டும். யாங்கீஸ், பொஸ்டன் ரெட் சொக்ஸ், டம்பா பே ரேஸ், பால்டிமோர் ஓரியோல்ஸ் ஆகியவற்றுடன் ஒரே பிரிவில் இருப்பது சாபம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். 2022 வரை ஒவ்வொரு பிரிவு எதிரணியுடனும் ஓர் ஆண்டில் 19 ஆட்டங்கள் ஆட வேண்டியிருந்தது. 2023 முதல் அது 13 ஆகக் குறைந்திருக்கிறது. சாபம் முற்றாக நீங்கவில்லை. ஆனால் பிரிவின் பலத்துக்காக முன்பு நான்கைந்து வெற்றிகளைக் கழித்தவர்கள் இப்போது அதை மூன்றாகக் குறைத்துக்கொள்ளலாம்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். குளிர்கால உற்சாகத்தில் பருவம் முழுவதுக்குமான நுழைவுச்சீட்டுத் தொகுப்பை வாங்கிவிட்டு, ஆகஸ்டில் பாதி விலைக்கும் விற்க முடியாமல் தவித்தவர்களை 2013இல் கண்டிருக்கிறேன். எங்கள் குடும்பம் ஏப்ரல், மே மாதங்களின் வாரநாள் ஆட்டங்களுக்கு மட்டும் முன்கூட்டியே வாங்குகிறது; பிள்ளைகளுக்குப் பாடசாலை நாள் என்பதும், குளிரில் கூரை மூடியிருக்கும் என்பதும் உண்மையே, ஆனால் விலை குறைவு, கூட்டமும் குறைவு. செப்டம்பர் ஆட்டங்களை ஜூலை முடிவில்தான் யோசிக்கிறோம். வீரர் பரிமாற்றங்களுக்கான கெடுவும் ஏறக்குறைய அப்போதுதான் முடிகிறது. அணி வீரர்களை விற்கிறதா, வாங்குகிறதா என்பது அந்த நேரத்தில் தெரிந்துவிடும். 2024 ஜூலையில் விற்றார்கள், 2025 ஜூலையில் எறிவீரர் ஷேன் பீபரை வாங்கினார்கள்.

இந்தக் குளிர்காலத்தில் 2026க்கான கணக்கை நான் போட்டவிதம் இது. 2025இல் அணி 798 ஓட்டங்கள் எடுத்து 721 கொடுத்தது; சூத்திரம் 89 வெற்றிகள் என்கிறது, கிடைத்த 94 அல்ல. எனவே அடித்தளம் 89. பிஷெட் மெட்ஸுக்குப் போய்விட்டார். அதற்காக மூன்று வெற்றிகளைக் கழித்தேன். ஸ்பிரிங்கருக்கு 36 வயதாகிவிட்டதால் இன்னும் இரண்டு. பாசிட்டின் ஒப்பந்தம் முடிந்து திறந்த இடத்துக்கு ஏழாண்டுகளுக்கு 21 கோடி அமெரிக்க டொலரில் டிலன் சீஸ் வந்திருக்கிறார். 2025இல் அவருடைய சராசரி 4.55 என்பதைப் பார்த்து மருமகன் முகம் சுளித்தான். ஆனால் 2021 முதல் ஓர் ஆண்டிலும் 32 ஆட்டங்களுக்குக் குறைவாக அவர் தொடங்கியதில்லை; என் முறையில் இது பெரிய வரவு, மூன்று வெற்றிகள் கூட்டினேன். ஜப்பானிலிருந்து வரும் கசுமா ஒக்காமோட்டோவுக்கு ஒன்று. அமெரிக்க எறிவீரர்களின் வேகத்துக்கு அவர் பழகக் காலம் எடுக்கும். நவம்பர் வரை எறிந்த கைகளின் களைப்புக்காக ஒன்று கழித்தேன். யெசாவேஜுக்கு முழுப் பருவத்தின் ஆட்டங்களை எழுதாமல் 22 ஆட்டங்கள் மட்டும் எழுதியிருக்கிறேன், ஏனெனில் தொழில்முறைப் பேஸ்போலில் அவருக்கு இது இரண்டாவது ஆண்டுதான்.

கூட்டிக் கழித்தால் 87 வருகிறது. கொப்பியில் 81 முதல் 93 வரை என்று எழுதி, கௌஸ்மனோ சீஸோ ஜூன் மாதத்துக்குள் காயப்பட்டால் 82ஐ நடுவாக வைக்க வேண்டும் என்று பக்கத்தில் குறித்திருக்கிறேன். மருமகன் 91 என்று எழுதினான், ஆசிரியர் 86. அண்ணை 100க்குக் கீழே இறங்க மறுத்துவிட்டார். கடைசி இரண்டு அவுட் தூரத்தில் கிண்ணம் கைநழுவிய அணி அடுத்த ஆண்டு சும்மா இருக்குமா என்பது அவருடைய வாதம். அதற்கு என் கணக்கில் நிரல் இல்லை என்றேன். "அப்ப ஒரு நிரலைக் கீறு" என்றார்.